கதவுக்குப் பல்வலி

கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று வாண்டு முகத்துக்கு நீலச் சாயம் அடித்துக்கொண்டிருந்தாள். பாதி முடிந்திருந்தது. மூக்குக்கு இடப்பக்கம் கெட்டி நீலம். வலப்பக்கம் இன்னும் பழைய வாண்டு.

"அண்ணி, உங்களுக்கும் அடிச்சு விடவா?"

"எனக்கு வேணாம்மா. நாளைக்குக் காலையில வந்து உக்கார்ற பேஷன்ட், ஊசியை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாத்துப் பயப்படுவாரு."

"இன்னிக்கு ஒரு நாள் தானே? இதுக்கப்புறம் யாருக்காக அடிக்கப் போறோம்?"

கண்ணுக்குக் கீழே ஒரே ஒரு கோடு என்று பேரம் பேசி அண்ணி கன்னத்தைக் காட்டினாள்.

அண்ணி பல் டாக்டர். வீட்டின் கீழ்த் தளத்தில் கிளினிக், மேல் தளத்தில் குடித்தனம். வாண்டு அவள் கணவனின் தங்கை. குள்ளமாக இருந்ததால் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர். கூரியர் அலுவலகம் ஒன்றில் ஆஜானுபாகுவான ஆட்களையெல்லாம் விரட்டி வேலை வாங்கும் மேலாளர் ஆன பிறகும் வீட்டில் அந்தப் பெயர் போகவில்லை. அண்ணியும் நாத்தனாரும் அன்று மாலை ரக்பி ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று கதவின் கடைசி ஆட்டம்.

கதவு என்பது ஓர் ஆள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மைதானத்துக்கு வருகிற யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தோளோடு தோள் கோத்துக் குனிந்து, நடுவில் உருட்டிவிடும் பந்துக்காக முட்டித் தள்ளுவார்கள். அதில் முன்வரிசை ஓரத்தில் நிற்பவர் அவர். அவர் கால் ஊன்றிவிட்டால் எதிரணி அந்தப் பக்கமாக உள்ளே வர முடியாது. அதனால் கதவு. அவர் குனியும்போதெல்லாம் மைதானம் முழுக்க "சாத்து! சாத்து!" என்று கத்தும். தலை நிறைய முடி இருந்த காலத்தில் வந்தவர், மொட்டையான பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்றோடு போதும் என்று அறிவித்துவிட்டார்.

வாண்டு மறுபாதிக்குத் தூரிகையை எடுத்தபோது டாக்டரின் கைப்பேசி அடித்தது.

"டாக்டர், ஞாயித்துக்கிழமைன்னு தெரியும், மன்னிச்சுக்கோங்க. எங்க வழக்கமான பல் டாக்டர் வெளியூர் போயிட்டாரு. வர்ற வழியெல்லாம் பாத்தேன், எல்லாக் கிளினிக்கும் பூட்டிக் கிடக்கு. உங்க போர்டுல நம்பர் இருந்துச்சு. ஒருத்தருக்கு ராத்திரி பூரா பல்வலி. கன்னம் வீங்கிப் போச்சு."

"சரி, கூட்டிட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க. எனக்கு மேட்ச்சுக்குப் போகணும்."

"எங்களுக்கும் மேட்ச்சுக்குத் தான் போகணும் டாக்டர். பல்வலி கதவுக்கு," என்றது குரல்.

டாக்டர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாண்டைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி? யாரு?"

"கீழ வந்து கதவைத் திற."

"எந்தக் கதவை?"

"ரெண்டையும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் படியிறங்கி ஓடினாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. முதலில், போனில் பேசிய ஆள் இறங்கினார்; அணியினரின் காயங்களைக் கவனிக்கும் பிசியோ. ஒல்லியான மனிதர், முகத்தில் ராத்தூக்கம் இல்லாத களைப்பு. அவருக்குப் பின்னால், கிளினிக்கின் ஒற்றைக் கதவுக்குள் தோளைப் பக்கவாட்டில் திருப்பி நுழைந்தார் அவர். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட அகலம். இடது கன்னம் பழம் ஒன்றை ஒதுக்கி வைத்தது போல் உப்பியிருந்தது.

பாதி நீல முகத்தோடு வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற வாண்டை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம டீமா?" என்றார், வாயைத் திறக்க முடியாமல்.

"வேற எந்த டீம் சார்!" என்றாள் வாண்டு. குரல் கீச்சென்று வந்தது. அலுவலகத்தில் அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு ஞாயிறு விடுமுறை. டாக்டர் வாண்டின் கையைக் கழுவச் சொல்லி, கையுறை மாட்டி, முகக்கவசம் கட்டி, எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் கொடுத்தாள். "இதை உதட்டோரமாப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற பக்கம் நகத்து. வேற எதுவும் பண்ணாதே. முக்கியமாப் பேசாதே."

சிகிச்சை நாற்காலி அவர் உட்கார்ந்ததும் ஒரு முனகு முனகியது. டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் மயிரிழை போல விரிசல். சின்னக் கருவியின் பின்புறத்தால் அதை மெல்லத் தட்டினாள். அவ்வளவு பெரிய உடம்பும் நாற்காலியும் சேர்ந்து துள்ளின.

"இது எப்ப உடைஞ்சுது?"

"போன மாசம் ஒருத்தன் முழங்கை பட்டுச்சு. சும்மா விட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"பல்லு சும்மா விட்டா சரியாகாது சார். எலும்பு கூடும், தோல் ஒட்டும். பல்லு மட்டும் கோவிச்சுக்கிட்டே இருக்கும்."

எக்ஸ்ரே எடுத்தாள். வேர் நுனியில் சீழ் கட்டி நிழலாகத் தெரிந்தது. பிசியோ அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்," என்றார் கதவு. "ஒரு பல்லு போனா என்ன? எங்கிட்ட இன்னும் நிறைய இருக்கு."

"பிடுங்கினா இன்னிக்கு ஆட முடியாது. பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கணும். நீங்க போய் முட்டித் தள்ளினா உறைஞ்சது பிச்சுக்கும், ரத்தம் நிக்கவே நிக்காது."

"அப்ப ஊசி போட்டு மரக்க வச்சு அனுப்புங்க. ஆடி முடிச்சுட்டு வர்றேன்."

"வலி தெரியாம ஆடினா என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியாது. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

முகக்கவசத்துக்குள்ளிருந்து "அண்ணி!" என்று ஒரு சீற்றம் வந்தது. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேலே அலமாரியில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. அணியின் அட்டவணை வந்த அன்றே வாங்கி வைத்தவை. அவருடைய கடைசி ஸ்க்ரத்துக்குக் கத்த வேண்டும் என்று வாரக்கணக்காகத் தொண்டையைக் காத்து வைத்திருந்தாள். இப்போது அவர் ஆடுவாரா என்பது அவள் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. ரசிகையாக இருந்தால் "போங்க சார்" என்று எப்போதோ சொல்லியிருப்பாள்.

"முதல்ல காய்ச்சல் இருக்கான்னு பாப்போம். இருந்தா இன்னிக்கு ஆட்டம் இல்ல. அதுக்கு மேல பேச்சும் இல்ல."

வெப்பமானியை அவர் கக்கத்தில் வைத்தாள். அறையில் நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அது கீச்சென்று கத்தியதும் டாக்டர் எடுத்துப் படித்தாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு கக்கத்திலும் வைத்துப் படித்தாள்.

"காய்ச்சல் இல்ல."

பிசியோ சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னும் முடியல," என்றாள் டாக்டர். "பல்லைத் திறந்து சீழை வெளியேத்தறேன். அழுத்தம் குறைஞ்சா வலி தானா அடங்கும். மேல தற்காலிகமா அடைச்சு விடறேன். ஊசி லேசாத் தான் போடுவேன், ஆட்டம் தொடங்குறப்ப மரப்பு போயிருக்கும். மரப்பு போன பிறகும் வலி இல்லாம இருந்தாத் தான் ஆடலாம். அதை நானே வந்து பாத்துச் சொல்றேன். சரியா?"

"சரி," என்றார் கதவு. பிறகு, "நீங்க வருவீங்களா?" என்றார்.

"ரெண்டு டிக்கெட் இருக்கு சார்!" என்றாள் வாண்டு. பேசாதே என்று சொன்னது அதுவரைதான் தாங்கியது.

வேலை தொடங்கியது. துளையிடும் கருவியின் சத்தத்தில் வாண்டு குழாயைத் தப்பான பக்கம் நகர்த்திவிட்டாள். குழாய் அவர் உதட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு 'பொளக்' என்றது. அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க சார், எனக்கு இது முதல் தடவை," என்றாள். பல் திறந்ததும் நாற்றத்தோடு சீழ் வந்தது. சற்று நேரத்தில் அவர் தோள் தளர்ந்ததை டாக்டர் கவனித்தாள். நாற்காலியின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

எல்லாவற்றையும் அடைத்து முடித்த பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஆட்டத்தின்போது மேல் பற்களின் மீது மாட்டிக்கொள்ளும் மவுத் கார்டு. பிசியோ பையிலிருந்து பழையதை எடுத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால், சரியாக அந்தப் பல்லின் ஈறில் போய் அழுத்தியது.

"இதோட போனா முதல் முட்டலிலேயே உயிர் போகும். புதுசா ஒண்ணு செய்யணும்."

"இப்பவா?" என்றார் பிசியோ.

"இயந்திரம் இருக்கு. அச்செடுத்து, பிளாஸ்டர் ஊத்தி, அது காஞ்சு, மேல பிளாஸ்டிக்கை இழுக்கணும். ஆட்டம் தொடங்குறதுக்குள்ள முடியாது. முதல் பாதி இவரை வெளியே உக்கார வைங்க. இடைவேளைக்குக் கொண்டு வந்து சேக்கறேன்."

பிசியோ பயிற்சியாளரிடம் பேச வெளியே போனார். டாக்டர் பசை போன்ற அச்சுப் பொருளைக் குழைத்துத் தட்டில் இட்டு அவர் வாய்க்குள் வைத்து மேல்நோக்கி அழுத்திப் பிடித்தாள்.

"இது இறுகுற வரைக்கும் அசையக் கூடாது. மூக்கால மூச்சு விடுங்க. பேச முடியாது."

அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. இத்தனை வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திய ஆள், இதோ கைக்கடியில் படுத்திருக்கிறார். பதில் பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"நான் ஒண்ணு சொல்லணும் சார். நீங்க திருப்பிப் பேச முடியாதுன்னு தெரிஞ்சு தான் இப்ப சொல்றேன். நாங்க உங்க ரசிகைங்க. அது இவ மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கும்."

வாண்டு குழாயைப் பிடித்தபடி விறைத்து நின்றாள்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கும் இவளுக்கும் பேச்சே கிடையாது. சண்டையெல்லாம் இல்ல. சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருப்போம். சாப்பாட்டு மேசையில உப்பு டப்பாவை அவ என் பக்கம் நகத்துவா, நான் அவ பக்கம் நகத்துவேன், அவ்வளவு தான் உறவு. ஒரு நாள் இவ அண்ணனுக்கு யாரோ மேட்ச்சுக்கு ரெண்டு டிக்கெட் குடுத்தாங்க. அன்னிக்குப் பாத்து அவருக்கு உடம்பு சரியில்ல. வீணாப் போகுதேன்னு எங்க ரெண்டு பேரையும் தள்ளி விட்டாரு. என்ன ஆட்டம்னே எங்களுக்குத் தெரியாது. மழை வேற. ரெண்டு பேரும் உம்முன்னு உக்காந்திருந்தோம். அப்ப உங்களை எதிரணிக்காரங்க பின்னால தள்ளிட்டே வந்தாங்க. சேத்துல நீங்க சறுக்கிட்டே வர்றீங்க. திடீர்னு ஒரு இடத்துல நின்னீங்க. நின்னவர் தான், அப்புறம் அசையல. அந்தப் பக்கம் அத்தனை பேரும் தள்றாங்க, நீங்க சிரிக்கிறீங்க. நான் எழுந்து 'தள்ளுய்யா!'ன்னு கத்தினேன். பக்கத்துல அதே நேரத்துல அதே வார்த்தை. திரும்பிப் பாத்தா இவ."

முகக்கவசத்துக்கு மேலே வாண்டின் நீலம் பூசிய பக்கத்துக் கண்ணிலிருந்து ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பேசினோம். இன்னும் பேசி முடியல. இவ அண்ணன் தான் பாவம், எதுக்குடா டிக்கெட் குடுத்தோம்னு தலையில அடிச்சுக்கிறாரு. எனக்குக் கூடப் பிறந்தவங்க கிடையாது சார். இவளை எனக்குத் தந்தது நீங்க தான். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, அதான் சொல்லிடணும்னு. போயிட்டு வாங்கன்னு சொல்ல மனசு வரல. நன்றி மட்டும் சொல்லிக்கறேன்."

அவர் கண்ணோரம் நனைந்திருந்தது. அச்சுத் தட்டு அண்ணத்தில் அழுத்தினால் யாருக்கும் கண்ணீர் வரும். டாக்டர் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். அவருடைய கனத்த கை ஒன்று எழுந்து, காற்றில் துழாவி, எட்டிய இடத்தில் இருந்த வாண்டின் முழங்கையைத் தட்டிக்கொடுத்தது. குழாய் கீழே விழுந்தது.

தட்டை வெளியே எடுத்ததும் அவர் மரத்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, "மழை மேட்ச்னு சொன்னீங்களே. தெற்குப் பக்கக் கோல் போஸ்ட் கிட்ட தானே?" என்றார்.

"ஆமா சார்!" இருவரும் ஒரே குரலில்.

"அன்னிக்கு நான் சிரிக்கலம்மா. தோள்பட்டை இறங்கிப் போச்சு. வலி பொறுக்காம பல்லைக் காட்டிட்டு நின்னேன்."

வேன் போன பிறகு கிளினிக் போர்க்களமானது. டாக்டர் அச்சில் பிளாஸ்டரை ஊற்றினாள். அது காயக் காத்திருக்கும் பொறுமை வாண்டுக்கு இல்லை. மேலே ஓடிப் போய்த் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து அதன் மேல் சூடான காற்றை அடித்தாள். பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்த டாக்டர், "ஐயோ!" என்றாள்.

"என்ன அண்ணி?"

"நீலம் தீந்து போச்சு. வெள்ளையும் இல்ல. ரோஸ் கலர் மட்டும் தான் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வாங்கி வச்சது."

"ரோஸ்னா என்ன, பச்சைன்னா என்ன? போடுங்க!"

இயந்திரம் தகட்டைச் சூடாக்கி, தொய்ய வைத்து, பல் அச்சின் மேல் இழுத்துப் பிடித்தது. டாக்டர் ஓரங்களை வெட்டி, உரசி, மழுக்கி முடித்தபோது கையில் இருந்தது ஒரு மாமல்லனுக்கான ரோஸ் நிறப் பல்லுறை. அதை ஒரு டப்பாவில் போட்டு வாண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். டாக்டர் பின்னால் உட்கார்ந்து டப்பாவை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மைதானத்தை நெருங்க நெருங்கத் தெரு நீலமாகிக்கொண்டே வந்தது. கார்கள் நகரவில்லை. வாண்டு நடைபாதை ஓரமாகப் புகுந்து, "வழி விடுங்க! டாக்டர்! டாக்டர்!" என்று கத்தினாள். பாதி நீல முகத்தைப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று சுவருக்கு அப்பால் ஒரு பெரும் இரைச்சல் எழுந்தது.

"நம்மாளுங்களா, அவங்களா?"

"சத்தம் சரியில்ல. அவங்க தான்," என்றாள் டாக்டர்.

வீரர்கள் நுழையும் வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"நான் டாக்டர். உள்ள ஒருத்தரைப் பாக்கணும்."

"இதுவரைக்கும் நாலு டாக்டர், ரெண்டு வக்கீல், கதவோட சொந்த மாமா மூணு பேரு வந்துட்டாங்கம்மா. டிக்கெட்டோட அந்தப் பக்கம் போங்க."

டாக்டர் டப்பாவைத் திறந்து காட்டினாள். காவலாளி ரோஸ் நிறத்தைப் பார்த்தார், அவள் கன்னத்தின் நீலக் கோட்டைப் பார்த்தார், நம்பிக்கையை மொத்தமாக இழந்தார். நல்லவேளை, டாக்டர் அழைத்ததும் பிசியோ கைப்பேசியை எடுத்து, அங்கிருந்தே ஓடி வந்து இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆறு புள்ளி பின்னால இருக்கோம்," என்றார் ஓடிக்கொண்டே. "ஸ்க்ரம்ல நொறுக்கறாங்க. ஜனங்க கதவு எங்க, கதவு எங்கன்னு கத்தறாங்க."

உடை மாற்றும் அறையில் தைலமும் வேர்வையும் ஈர மண்ணும் சேர்ந்து நெடியடித்தது. அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீக்கம் பாதிக்கு மேல் வடிந்திருந்தது. டாக்டர் கைப்பேசி வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாள்.

"மரப்பு போயிடுச்சா?"

"போயி ரொம்ப நேரமாச்சு."

தட்டினாள். அவர் துள்ளவில்லை.

"மறைக்காம சொல்லணும். வலிக்குதா?"

"அழுத்தினா லேசாத் தெரியுது. காலையில இருந்த வலி இல்ல. சத்தியமா."

டாக்டர் பல்லுறையை மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "நல்லாக் கடிச்சுக்கிட்டு அந்தச் சுவத்தைத் தள்ளுங்க. முழு பலத்தோட."

அவர் எழுந்து சுவரில் தோளைக் கொடுத்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. மேலே மாட்டியிருந்த கடிகாரம் கொஞ்சம் சாய்ந்தது. திரும்பி ரோஸ் நிறப் பல்லைக் காட்டிச் சிரித்தார். "ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் ஒரு நொடி யோசித்தாள்.

"போங்க," என்றாள். "கன்னத்துல குத்தல் வந்தா நீங்களே கையைத் தூக்கி வெளியே வந்துடணும்."

அவர் பதில் சொல்வதற்குள் வாண்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள். டாக்டரின் வெள்ளைச் சட்டைத் தோளில் நீலம் அப்பிக்கொண்டது.

பிசியோ அவர்களை வெளியே அனுப்பவில்லை. வீரர்கள் வெளியேறும் வழியின் ஓரத்தில், வேலியை ஒட்டி நிற்க வைத்தார். அலமாரியிலிருந்து எடுத்து வந்த டிக்கெட்டின் இருக்கை எங்கோ உச்சியில். இங்கே புல்லின் மணம் வந்தது.

இரண்டாம் பாதிக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்துக்குள் ஓடியபோது எழுந்த சத்தத்தில் டாக்டருக்குக் காது அடைத்தது. முதல் ஸ்க்ரத்துக்கு இரு அணியும் குனிந்தன. "சாத்து! சாத்து!" என்று நான்கு பக்கமும் அதிர்ந்தது. முட்டினார்கள். எதிரணி தள்ளியது. நகரவில்லை. மறுபடி தள்ளியது. இந்தப் பக்கம் ஓர் அங்குலம் முன்னேறியது.

"கதவைச் சாத்தியாச்சு!" என்று வாண்டு குதித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஸ்க்ரம் சரிந்து, எல்லோரும் மூட்டையாக விழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர் எழவில்லை. முழங்காலிட்டு, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். டாக்டர் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டாள். வாண்டு இடுப்பைப் பிடித்து இழுத்தாள். தவறு செய்துவிட்டோமா, விட்டிருக்கக் கூடாதா என்று டாக்டருக்குத் தோன்றியது. அவர் புல்லைக் கையால் துழாவி எதையோ எடுத்தார். ரோஸ் நிறம். மேல்சட்டையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"பல்லைத் தேடியிருக்காரு மனுஷன்!" என்று வாண்டு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆறு புள்ளி இடைவெளி ஒரு புள்ளியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு எதுவும் நடக்காமல் நேரம் ஓடியது. கடைசி நிமிடங்களில், எதிரணியின் கோட்டுக்கு மிக அருகே நடுவர் ஸ்க்ரம் கொடுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்த பயிற்சியாளர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

குனிந்தார்கள். கோத்தார்கள். பந்து உள்ளே வந்தது. டாக்டரும் வாண்டும் கையைக் கோத்துக்கொண்டிருந்ததே அவர்களுக்குத் தெரியாது. "தள்ளுய்யா!" என்று இருவரும் கத்தினார்கள். அவருடைய முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. எதிரணியின் ஓரம் மடங்கியது. மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பாக நகர்ந்து, தடுமாறி, கோட்டைத் தாண்டி அப்படியே கவிழ்ந்தது. நடுவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையை உயர்த்தி ஊதினார். டிரை! கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்ததற்கு ஐந்து புள்ளி.

அதற்குப் பிறகு மைதானத்தில் யார் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. டாக்டர் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டாள். அவரும் கட்டிக்கொண்டார்.

நேரம் முடிந்திருந்தது, வெற்றி உறுதியாகிவிட்டது. டிரைக்குப் பின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் உதை மட்டும் பாக்கி. வழக்கமாக உதைக்கிறவர் பந்தோடு நடந்து போய் அதைக் கதவின் கையில் கொடுத்தார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறந்ததிலிருந்து அவருக்கு ஆளைத் தள்ளித்தான் பழக்கம், பந்தை உதைத்ததில்லை. கேப்டன் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

வழக்கப்படி உதையைத் தடுக்க ஓடி வர வேண்டிய எதிரணி, கோட்டில் வரிசையாக நின்று கைதட்டத் தொடங்கியது. அவர் பந்தை நிறுத்தி வைத்தார். அது விழுந்தது. மறுபடி வைத்தார். ஓடி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஓர் உதை. பந்து இடுப்பு உயரம்கூட எழாமல் பறந்து, ஓரமாக நின்ற கேப்டனின் பின்பக்கத்தில் 'பட்' என்று அடித்துத் திரும்பியது. இருபதாயிரம் பேர் சிரித்ததை டாக்டர் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார். வேலியோரமாக நீட்டிய கைகளையெல்லாம் தொட்டுக்கொண்டே வந்தார். இவர்கள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாண்டு வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. தொண்டை எப்போதோ போய்விட்டது. அண்ணியை முழங்கையால் இடித்தாள், ஏதாவது சொல்லுங்க என்று. டாக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, மீதமிருந்த குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"சூடா எதுவும் குடிக்காதீங்க! இடது பக்கம் மெல்லாதீங்க!"

அந்தப் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. அவர் ரோஸ் பல்லுறையை வாயிலிருந்து எடுத்து, "சரிங்க டாக்டர்!" என்று கையை நெற்றியில் வைத்தார். அப்படியே சற்று நேரம் நின்றார். பிறகு அடுத்த கைகளை நோக்கி நடந்தார்.

வாண்டு கரகரத்த கிசுகிசுப்பில், "இத்தனை வருஷமாக் கத்திட்டு, கடைசியாச் சொல்ற வார்த்தையா அண்ணி இது?" என்றாள்.

"பின்ன? இன்னிக்கு விருந்துன்னு ஆளாளுக்கு வாயில எதையாவது திணிப்பாங்க. அவருக்கு யாரு சொல்றது?" என்றாள் டாக்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்துக் கோடு மூக்கு வரை பரவியது.

"இப்ப உங்களுக்கும் பாதி முகம் நீலம் தான்," என்றாள் வாண்டு.

அவர் மறு கோடியில் ஒரு சின்ன உருவமாகி, இன்னும் கைகளைத் தொட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். அவர் சுற்றி முடிக்கும் வரை இருவரும் வேலியை விட்டு நகரவில்லை.